பேச்சிக்குக் கொடுக்காத கொலுசு

இன்று காலை கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். சேலைகளுக்கு அடியில் பேண்டேஜ் துணி சுற்றிய ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. பிரிக்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரித்தேன். வெள்ளி கருத்துப்போய்க் கிடந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் காலுக்கு அளவு பார்த்து வாங்கிய கொலுசு, ஒன்றே ஒன்று. கையில் எடுத்ததும் முத்துகள் குலுங்கின. அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "யாரு அத்தை வந்திருக்கா?" என்றாள். யாருமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடியே, நீ செத்துப் போய் மூன்று ஆடி கழிந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் நான் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன். பேச்சி செத்த அன்றைக்கு நடந்தது அது. நீ இருக்கும்போது எத்தனையோ முறை வாய்வரை வந்தும் முழுங்கிவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது, உனக்குத் தெரியாததா? கொஞ்சம் பழசைப் பேசிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

ராஜபாளையத்து மில்லில் நீ நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தாய், நான் ஆபீஸில் டைப் அடித்தேன். உன் தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி இருக்கும். என் விரலில் கார்பன் மை இருக்கும். சங்கு ஊதியதும் கேட்டில் சேர்ந்துகொண்டு ஒரே தெருவுக்கு நடப்போம். உன் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசரே சுற்றிப் போவார். ஊரில் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்வாய். என்னைக் கொஞ்சம் கூடுதலாக.

ஒரு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போயிருந்தோமே, நினைவிருக்கிறதா? நான் வளையல் கடையில் நின்றுகொண்டே இருக்கிறேன் என்று உனக்குக் கோபம். காணாமல் போனவர்களை அறிவிக்கிற பந்தலுக்குப் போய் மைக்காரரிடம் என்ன சொல்லிக் கொடுத்தாயோ, "ராஜபாளையம் சரோஜா எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் கணவர் அழுதுகொண்டு நிற்கிறார்" என்று நாலு ரத வீதிக்கும் கேட்க அவர் அறிவித்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மில்லில் ஷிப்டில் இருந்தார். நான் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தால் நீ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். "நாசமாப் போறவளே" என்று உன் முதுகில் நாலு வைத்தேன். அதுதான் உன் மகன் இருந்தபோது நாம் பார்த்த கடைசித் தேர். அவனை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாய்.

அடுத்த வருடம் அவன் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். ரத்தத்தில் புற்று என்றார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த நோய் வரும் என்பதே நமக்கு அப்போதுதான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஐஸ்காரன் மணியடித்துப் போக, அவன் சேமியா ஐஸ் கேட்டான். "காச்சல் விடட்டும்யா, ஊருக்குப் போயி வாங்கித் தாரேன்" என்றாய். எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். காய்ச்சல் விடவில்லை. அதற்குப் பிறகு ஐஸ் வண்டி மணிச் சத்தம் கேட்டால் நீ தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாய், நானும் ஒன்றும் கேட்காமல் உன் பின்னாலேயே வருவேன்.

ஒரு வருடம் நீ சரியாகப் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் மில் கேட்டில் நின்றுகொண்டு, "மருந்து நம்மகிட்ட இல்லட்டி, அத டாக்டரு பாத்துக்கிடட்டும். ஆனா ஒரு பிள்ள ஒண்ணு கேட்டா அத அன்னைக்கே குடுக்க ஆளு வேணும்ல?" என்றாய். அவ்வளவுதான், நம் மன்றம் அப்படித்தான் பிறந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர் தன் மாடி அறையைக் கொடுத்தார். டிராயிங் மாஸ்டர் ஒருவர் சேர்ந்தார். நீ, நான், இன்னும் இரண்டு பேர். மதுரைக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கிடக்கிற பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போனோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிப்பது உன் வேலை.

பிள்ளைகள் கேட்டதெல்லாம் பெரிய காரியமா என்ன! ஒருத்தனுக்கு பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருத்தி வெள்ளை நாய்க்குட்டியை மடியில் வைத்திருக்க வேண்டும் என்றாள். நம் ஊரில் அதற்கா பஞ்சம், வளர்க்கிறவர் வீட்டிலிருந்து நாலு குட்டியைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனோம். தேவதானத்துப் பையன் ஒருத்தன் போலீஸ் உடுப்பு போட்டு போட்டோ எடுக்க வேண்டும் என்றான். டிராயிங் மாஸ்டர் தொப்பி செய்தார், உன் தையல் மிஷினில் காக்கிச் சட்டை தைத்தாய். மொட்டைத் தலை தொப்பிக்குள் மறைந்ததும் அவன் சிரித்த சிரிப்பு இன்னமும் ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கிறது.

ஆனால் அவர்கள் செத்தார்கள். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் செத்தார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் அந்த மாதமே போனான், நாய்க்குட்டிக்காரி அடுத்த மாதம். இன்னொரு பிள்ளை நாம் போய்வந்த மறுவாரம். நம் பக்கத்தில் உசுரு இழுத்துக்கொண்டு கிடப்பவர்களிடம் என்ன ஆசை என்று கேட்டு அதை வாயில் வைப்பார்கள், ஆசை அடங்கினால் உசுரும் அடங்கும் என்று. நாம் இருவரும் வீடு வீடாகப் போய் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் போனோமே, என்ன புத்திகெட்டவர்கள் நாம்!

பஸ்ஸில் ஒரு பொம்பளை நம்மைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அந்தா இருக்காளுவல்லா, அவளுவ ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ள கால வச்சா பொறவு அந்தப் பிள்ள தங்காது." யாரையும் சும்மா விடாத நீ அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் வன்னியம்பட்டிக்குப் போனோம், பேச்சி வீட்டுக்கு.

அவள் அம்மா ராக்கு வாசலிலேயே வழி மறித்தாள். கையில் விளக்குமாறு இருந்தது. "எம் பிள்ளகிட்ட கடசி ஆச கேக்க வந்தியளோ? அவ நல்லா இருக்கா. திரும்பிப் பாக்காம போயிருங்க." நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் உள்ளே கட்டிலில் இருந்து பேச்சி கத்திவிட்டாள்: "எனக்குக் கொலுசு வேணும்க்கா!"

எதற்கு என்று கேட்டதற்கு அவள் சொன்னது உனக்கு மறந்திருக்காது. முடி கொட்டிப் போனதால் தெருவில் எல்லாரும் அவளை "ஏலே மொட்ட" என்று கூப்பிடுகிறார்களாம். டவுன் பஸ் கண்டக்டர்கூட "தம்பி உள்ள போப்பா" என்றாராம். "கொலுசு போட்டா நான் வரும்போதே பொம்பளப் பிள்ளன்னு தெரியும்ல?" என்றாள். ராக்குவின் கையிலிருந்த விளக்குமாறு கீழே இறங்கியது. அவள் வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

நீ அழுதுகொண்டிருந்தாய். நான் அழவில்லை, யோசித்தேன். என் புத்தி அப்போது அப்படி வேலை செய்தது. ராக்குவிடம் மெதுவாகச் சொன்னேன்: "ஒரு கொலுசு இப்பக் குடுப்போம். இன்னொண்ணு எங்ககிட்ட இருக்கட்டும். எல்லா ஊசியும் போட்டு முடிஞ்ச பொறவு குடுப்போம். ஆச முழுசாத் தீராதுல்ல." ராக்கு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பிடியே செய்யிங்கக்கா. ஒண்ணு மிச்சம் இருந்தா அவ போகமாட்டா" என்றாள்.

திரும்பி வரும்போது நீ, "வேண்டாம்ட்டி சரோஜா. நாளைக்கின்னு சொன்னதுக்குத்தான நான் இந்தப் பாடு படுதேன்" என்றாய். நான்தான் உன்னை அடக்கினேன். அந்தத் தாய்க்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று பேசினேன். நீ எப்போது மனசு மாறி எடுத்துப் போய்க் கொடுத்துவிடுவாயோ என்று இரண்டாவது கொலுசை என் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒற்றைக் கொலுசோடு பேச்சி நடந்ததை நீ நடித்துக் காட்டுவாய். ஓர் அடிக்குச் சத்தம் வரும், மறு அடிக்கு வராது. அதனால் அவள் கொலுசு போட்ட காலிலேயே நொண்டியடித்துப் போவாள். முடியாத நாட்களில் படுத்தபடி அந்தக் காலைக் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருப்பாள். நம்மைப் பார்த்தால், "எத்தன ஊசி முடிஞ்சிருக்குன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். எட்டு மாதம் அப்படி இருந்தாள். எட்டு மாதம்! நம் யோசனை பலித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். கர்வம்கூட இருந்தது. மில்லில் இரண்டு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்த ஆடிப்பூரத்தன்று நீ தேருக்கு வரவில்லை என்றாய். மகன் போனதிலிருந்து நீ வருவதில்லை. நான் காலையிலேயே வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு பேச்சியின் அப்பா உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து மூச்சு வாங்குகிறது, கொலுசு கொலுசு என்கிறாள், இனிமேல் ஊசி வேண்டாம் என்று மதுரையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். "நீங்க போங்கண்ணே, பின்னாலயே கொண்டாரேன்" என்று அவரை அனுப்பிவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாய். கதவில் பூட்டு. அதை நீ உடைத்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரும்பு பீரோவை என்ன செய்ய முடியும்? சாவி என் இடுப்பில் தேர் பார்த்துக்கொண்டிருந்தது.

தேர் கீழ ரத வீதியில் அசைந்து வருகிறது. வடம் பிடிக்கிறவர்கள் "கோவிந்தா" என்று ஊரே அதிரக் கூப்பிடுகிறார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே மைக்கில் உன் குரல் கேட்டது. மைக்காரர் குரல் இல்லை, உன் குரல். "ஏட்டி சரோஜா! வெளையாட்டு இல்லட்டி! பேச்சி கொலுசு கேக்கா. சாவியக் கொண்டாட்டி!" கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

பந்தலில் நீ மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய், அந்த மனிதர் உன்னிடமிருந்து பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழா என்று பஸ்ஸையெல்லாம் சுற்றி விட்டிருந்தார்கள். நடந்து, நின்று, தொங்கிக்கொண்டு ராஜபாளையம் போய், பீரோவைத் திறந்து, மறுபடி பஸ் பிடித்து வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கினோம். அங்கிருந்து நீ ஓடினாய். கொலுசு உன் கையில் ஜல் ஜல் என்று கேட்டுக்கொண்டே போனது. எனக்கு உன்னோடு ஓட முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. யாரோ ஒருத்தி, "இப்பத்தான் உசுரு போச்சு, செத்த நேரம் முன்னால. ஒரு அர மணி நேரம் இருக்கும்" என்றாள். உள்ளே நீ பேச்சியின் காலடியில் உட்கார்ந்து கொலுசின் திருகை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாய். கால் வீங்கியிருந்ததால் அது சேரவில்லை. ராக்கு உன் கையை மெதுவாக விலக்கினாள். நம்மைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நான் வாசல்படி தாண்டாமல் நின்றேன். அவள் அந்தக் கொலுசை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இத நீங்களே வச்சிக்கிடுங்கக்கா. அவளுக்குப் பாக்கி இருக்கு. வாங்கிக்கிட எப்படியும் எம் வயித்துக்கே திரும்ப வருவா, அப்ப வந்து கேக்கேன்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "நான் மைக்கப் பிடுங்கதுக்கு முன்னால அந்த ஆளு ரெண்டு தடவ சொன்னாரேட்டி, ஒனக்குக் கேக்கலையா?"

"கூட்டத்துல ஒண்ணும் வெளங்கல" என்றேன்.

நீ நம்பினாய். எல்லாரையும் சந்தேகப்படுகிற நீ அதை அப்படியே நம்பினாய். "அந்த மைக்காரன் ஒழுங்காச் சொல்லித் தொலைக்கல. வாய்க்குள்ள சோத்த வச்சிக்கிட்டுச் சொன்னான்" என்றாய். அதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்த மனிதரைத் திட்டினாய்! ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்துக்கு நேராகவே, "ஒம்மால ஒரு பிள்ளைக்கு ஒரு கொலுசு கெடைக்காமப் போச்சு" என்றாய். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பக்கத்தில் பால்கோவாப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

மன்றம் நின்றுபோகும் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து நீயே வந்து கூப்பிட்டாய். ஆனால் முறையை மாற்றிவிட்டாய். அதற்குப் பிறகு நோயில் கிடக்கிற பிள்ளையிடம் மட்டும் தனியாக நாம் ஆசை கேட்டதில்லை. அந்த வீட்டில், அக்கம்பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் உண்டோ அத்தனையையும் உட்காரவைத்து, எல்லாரிடமும் கேட்டு, எல்லாருக்கும் கொண்டுபோனோம். எது கடைசி ஆசை என்று எந்தத் தாயும் எண்ணிப் பயப்பட வேண்டியதில்லாமல் ஆயிற்று. கேட்டதை அன்றைக்கே கொடுத்தோம், முழுசாகக் கொடுத்தோம். "மிச்சம் வைக்காதட்டி" என்பது உன் வாயில் எப்போதும் இருந்தது. அதற்குப் பிறகும் பிள்ளைகள் செத்தார்கள்தான். போலீஸ் உடுப்புக்காரன் மட்டும் பிழைத்துக்கொண்டான். பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறான், என்னைக் கண்டால் சீட்டிலிருந்து யாரையாவது எழுப்பிவிடுகிறான்.

உன் கடைசி வாரத்தில் கிட்னி இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணை மூடியபடி, "சேமியா ஐஸ் வாங்கிட்டு வாட்டி" என்றாய். தண்ணீரே அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சத்தம் போட்டாள். போடி என்று சொல்லிவிட்டுப் போனேன். கடை கடையாக அலைந்து, டம்ளரில் வைத்துக் கொண்டுவருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. ஸ்பூனால் உன் நாக்கில் வைத்தேன். சேமியாவை மெதுவாக மென்றாய். "அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாய். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து இந்தப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டாய். "ராக்கு வந்தா கேப்பா. பத்திரம். அந்த மைக்காரப் பய மட்டும் ஒழுங்காச் சொல்லியிருந்தான்னா..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்கி நிறுத்திவிட்டாய்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு! உன்னோடு இத்தனை வருடம் இருந்தும் என்னை அந்த வார்த்தை விடவில்லை. நீ விடியுமுன் போய்விட்டாய்.

இப்போது கேட்டுக்கொள். அந்த மைக்காரர் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவர் ஒழுங்காகத்தான் சொன்னார். "ராஜபாளையம் சரோஜா எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் தோழி காத்திருக்கிறார்." முதல் தடவையே எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நீ பழையபடி என்னை ஓடவைத்துப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். மகன் போன பிறகு முதல் தடவையாகக் கிண்டல் செய்ய வந்திருக்கிறாள், வரட்டும், இந்த முறை அவள் காத்துக் கிடக்கட்டும் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. இரண்டாவது தடவையும் கேட்டது. வளையல் கடையில் நின்று கைக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தேர் திரும்பட்டும் போவோம் என்று நின்றேன். அது அரை மணி நேரம்.

அந்த வளையல்களை அன்றைக்கே கழற்றினேன், பிறகு போடவில்லை. கொலுசு என்னிடம்தான் இருக்கிறது. கருப்பு போகத் தேய்த்து வைக்கலாமா என்று இன்று காலையில் நினைத்தேன், கை வரவில்லை. ராக்கு இன்னும் வரவில்லை. பீரோவை இப்போதெல்லாம் நான் பூட்டுவதில்லை.